செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய அரண்மனை

கன்னியாகுமரிக்கு வேன் பிடித்து வருகிற கூட்டத்துக்கு, பத்மநாபபுரம் அரண்மனை போகிற வழியில் எட்டிப் பார்க்கிற ஓர் இடம். காலையில் சூரிய உதயம், பிறகு விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், அங்கிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் இங்கே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடியே உள்ளே நுழைந்து வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள்தான் "பழைய மர வீடு, இருட்டாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரண்மனைக்கு மட்டும் மூன்று மணி நேரம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் இருக்கும் ஊரையும் பக்கத்து உதயகிரிக் கோட்டையையும் சேர்த்தால் ஒரு முழு நாள். அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பத்மநாபசுவாமி கோயிலும் அதை ஒட்டிய குதிரைமாளிகை என்ற அரண்மனையும் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். திருவனந்தபுரத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "பத்மநாபா அரண்மனை" என்று கேட்டால் அவர் குதிரைமாளிகையில்தான் கொண்டுபோய் விடுவார். இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த நெடுஞ்சாலையில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் வண்டி ஊர்ந்துதான் நகரும். இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் இருந்து வருவது எளிது. வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரம் போகும் பேருந்தில் ஏறி "தக்கலை" என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தக்கலையிலிருந்து அரண்மனை சுமார் 2 கிலோமீட்டர். ஆட்டோ கிடைக்கும், வெயில் ஏறுமுன் என்றால் நடந்தே போகலாம். நடந்து போகிறவர்களுக்குக் கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைகிற கணம் கிடைக்கும். வண்டியில் போனால் அது கண்ணில் படாமலே போய்விடும். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் நிலையம்தான் பக்கம். ஆனால் அங்கே நிற்காத வண்டிகள் பல என்பதால் நாகர்கோவில் சந்திப்பில் இறங்குவதே நம்பகமானது.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. இதைத் தெரியாமல் வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வாராவாரம் உண்டு. மற்ற நாட்களில் காலை 9 முதல் 1 மணி வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. இந்த நடு இடைவெளிதான் பலரையும் கவிழ்க்கிறது. 12.15க்கு வந்து சீட்டு வாங்கினால், உப்பரிகை மாளிகைக்கு வரும்போதே ஆட்கள் அவசரப்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுடையது என்றாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினையில், அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கல்குளம் வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் நின்றது. ஆகவே ஓணம் போன்ற நாட்களில் வருவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கூடத்திலும் நிற்கும் ஊழியர்கள் மலையாளம் கலந்த தமிழில் விளக்கம் சொல்வார்கள். கேட்டால் நிறையச் சொல்வார்கள். கேட்காவிட்டால் கூட்டத்தை நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேளுங்கள்.

கேமராவுக்குத் தனிச் சீட்டு. உள்ளே வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போடாமல் எடுக்கிற வகையில் கருவியைத் தயார் செய்துகொள்ளுங்கள். செருப்பை வாசலில் விட்டாக வேண்டும். இதை வெறும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அரண்மனையின் மிகப் பெரிய கைவேலை காலுக்கடியில்தான் இருக்கிறது.

அந்தத் தரை கறுப்பு. வெறும் கறுப்பு இல்லை, சன்னல் சட்டத்தின் நிழல் விழுந்தால் அது தரைக்குள்ளும் இன்னொரு சன்னலாகத் தெரிகிற அளவுக்கு மினுமினுக்கும் கறுப்பு. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, செடிகளின் சாறு, மணல் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த தரை என்று சொல்கிறார்கள். சிமெண்டுக்கு முந்தைய காலத்து வேலை. முதலில் ஒரு சன்னல் பக்கமாக நின்று தரையைச் சாய்வாகப் பாருங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் மினுக்கம் தெரியாது. பிறகு வெறுங்காலோடு மெதுவாக நடங்கள். வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்தும்போதும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம், வழுக்கும். செருப்பில் ஒட்டி வருகிற மணல் துணுக்கு ஒன்று போதும், இந்தப் பூச்சில் கீறல் விழுந்துவிடும்; விழுந்த கீறலைப் பழையபடி ஆக்குகிற கைகள் இன்று அரிது. முற்றங்களைக் கடக்கும் இடங்களில் கல்லும் மணலும் உச்சிவெயிலில் சுடும் என்பதும் காலையிலேயே வருவதற்கு ஒரு காரணம்.

பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாட்டை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் இந்த அரண்மனையைக் கட்டினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அன்று இந்த ஊரின் பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அரண்மனையை விரித்துக் கட்டினார், மண்கோட்டை இருந்த இடத்தில் கருங்கல் கோட்டை எழுப்பினார். 1750இல் நாட்டையே திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டு, பத்மநாபதாசர் என்ற பெயரில் ஆட்சி செய்தார். ஊரும் பத்மநாபபுரம் ஆயிற்று. அவருக்குப் பின் வந்த தர்மராஜா காலத்தில், 1790களில், இங்கிருந்த தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அரசர் குடும்பம் இங்கேயே தங்கியிருந்தால் காலத்துக்கேற்ப இடித்துக் கட்டியிருப்பார்கள். போய்விட்டதால்தான் இந்தக் கூரைகள் பிழைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே போனதும் நேரே எதிரில் பூமுகம், அதாவது வாசல் மண்டபம். கூரையின் முக்கோண முகப்பில் இருக்கும் மரச் செதுக்கைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறவர்கள் பெரும்பாலும் கல் கட்டிலையும் சீன நாற்காலியையும் பார்ப்பார்கள். நீங்கள் விதானத்தைப் பாருங்கள். அங்கே 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கழுத்து வலிக்கும், ஒரு மூலையில் ஒதுங்கி நின்று ஒரு வரிசையை மட்டுமாவது பூப்பூவாகப் பார்த்துவிட்டு நகருங்கள். அங்கே சங்கிலியில் தொங்குகிற பித்தளைக் குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பிய திசையிலேயே நிற்கும். ஊழியரிடம் கேட்டால் விளக்கிச் சொல்வார். சூட்சுமம் சங்கிலிக் கண்ணிகளின் அமைப்பில் இருக்கிறது. சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் வண்ண விற்கள் ஓணவில். ஓணத்துக்குக் குடிமக்கள் அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தவை.

பூமுகத்துக்கு மேலே மந்திரசாலை. ஏறுகிற படி செங்குத்தானது, குறுகலானது, தலைக்கு மேல் நிலை தாழ்வானது. ஆறடி உயரக்காரர்கள் இந்த அரண்மனையில் குனியக் கற்றுக்கொள்ள வேண்டும். நெற்றி இடிப்பது இங்கே தினசரி நடப்பு. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் மேல்தளங்களை விட்டுவிட்டுக் கீழ்த்தள முற்றங்களில் உட்கார்ந்து பார்க்கலாம், அதுவும் குறைந்த அனுபவம் இல்லை. சக்கர நாற்காலி இந்தப் படிகளில் போகாது.

மந்திரசாலையில் அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்தினார். சுவருக்குப் பதிலாக நாலாபக்கமும் சாய்ந்த மரச் சட்டங்கள், இடையிடையே வண்ண மைக்கா, நம் ஊர்ப் பேச்சில் காக்காப்பொன் பதித்த சன்னல்கள். ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகும், பிறகு காற்று தெரியும். சட்டங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வெயிலும் மழைச்சாரலும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். உள்ளேயிருந்து கீழே நடப்பதைப் பார்க்கலாம், கீழேயிருந்து உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அடித்துப் பெய்கிற ஊர் இது. கூரை இவ்வளவு செங்குத்தாக இருப்பதும், ஓட்டின் விளிம்பு சுவரைத் தாண்டி இவ்வளவு தூரம் இறங்கி வருவதும் மரத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காக. மரம் நனைந்து காயாமல் கிடந்தால் உளுக்கும், பிறகு கறையான் ஏறும். உடைந்த ஓர் ஓட்டை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் அதன் கீழிருக்கும் கழிக்கோலையே மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பகுதியில் சாரம் கட்டி வேலை நடப்பதைப் பார்த்து "பாதி மூடிவிட்டார்களே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சாரம் ஏறினால்தான் மரம் நிற்கும்.

அடுத்து மணிமேடை. எடைக்கல்லின் இழுப்பில் ஓடுகிற பழைய கடிகாரம். அதைத் தாண்டினால் ஊட்டுப்புரை, நீளமான இரண்டு அடுக்குக் கூடம். அடுக்குக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். அலங்காரம் ஏதும் இல்லாததால் எல்லோரும் விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள். ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பாருங்கள், பந்தி எவ்வளவு நீளம் போயிருக்கும் என்று தெரியும். ஊறுகாய் போட்டுவைத்த சீனத்துப் பரணிகள் அங்கே இருக்கின்றன, ஒரு சிறு பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளலாம் போன்ற பருமன்.

தாய்க்கொட்டாரம்தான் இருப்பதில் பழையது. 1601 என்ற பொதுக் கணக்குக்கும் முந்தையது, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. நாலுகெட்டு அமைப்பு: நடுவே தாழ்ந்த முற்றம், நாலு பக்கக் கூரையும் அதை நோக்கிச் சரியும், மழைநீர் முழுவதும் அந்த முற்றத்தில் விழுந்து வடிகாலில் ஓடும். முடிந்தால் மழை நாளில் இங்கே வந்து நில்லுங்கள்; இந்த வீடு எதற்காக இப்படிக் கட்டப்பட்டது என்பது தானாகவே விளங்கும். இதன் ஏகாந்த மண்டபத்தில் இருக்கும் கன்னித்தூண் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கியது. பலாவின் மஞ்சள் காலப்போக்கில் தேன் நிறமாகி, பிறகு கருந்தவிட்டு நிறமாக மாறியிருக்கிறது. கொடியும் பூவும் உளி போன ஆழத்தில் நிழல் தேங்கி நிற்கும். தொட வேண்டாம். கைப்பிசுக்கு ஏறிய இடங்கள் மட்டும் வேறு மினுக்கத்தோடு இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

உப்பரிகை மாளிகை நாலு அடுக்கு, மார்த்தாண்டவர்மர் 1750இல் எழுப்பியது. அடியில் கருவூலம். அதற்கு மேலே 64 வகை மூலிகை மரத் துண்டுகளால் செய்ததாகச் சொல்லப்படும் கட்டில். உச்சி அடுக்கு பத்மநாபருக்கான பூசையறை; சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். அங்கே பொதுமக்களை விடுவதில்லை. வெப்பமும் மூச்சின் ஈரமும் அந்த வண்ணங்களுக்கு ஆகாது, ஆகவே ஊழியரிடம் வற்புறுத்துவதில் பொருளில்லை. பக்கத்தில் அம்பாரி முகப்பு. யானை மேலிருக்கும் அம்பாரியைப் போலவே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மர மாடம்; தேரும் ஊர்வலமும் போகும்போது அரசர் அங்கே உட்கார்ந்து பார்ப்பார். முற்றத்தில் ஒரு பீடத்தின் மேல் உருண்டைக் கல் ஒன்று இருக்கிறது, 38 கிலோ. படையில் சேர வருகிற இளைஞர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்பார்கள், அதுவும் நூறு தடவைக்கு மேல்.

கடைசியில் வரும் நவராத்திரி மண்டபத்தில் மரம் இல்லை, முழுக்கக் கல். அரண்மனையின் மற்ற பகுதிகளில் கேரளத் தச்சர் பேசுகிறார் என்றால் இங்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கல் தச்சரின் குரல் கேட்கும்: தூண், தூணில் விளக்கேந்திய பாவை, கறுத்து மினுங்கும் தரை. ஒரு பக்கம் மரச் சல்லடை அடைப்பு. அரச குடும்பத்துப் பெண்கள் அதற்குப் பின்னால் இருந்து ஆடலும் பாடலும் கண்டார்கள். மண்டபத்தை ஒட்டித் தேவாரக்கெட்டு சரசுவதி கோயில். கம்பர் பூசித்த சிலை சேர மன்னரிடம் வந்து சேர்ந்தது, ஆண்டுதோறும் நவராத்திரி நடத்துவேன் என்று மன்னர் வாக்குக் கொடுத்தார் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த வாக்கின்படி இன்றும் நவராத்திரிக்கு முன் சரசுவதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரம் புறப்படுவார். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போவார்கள். உப்பரிகை மாளிகையில் இருந்து உடைவாள் எடுத்துக் கொடுக்கப்பட்ட பிறகே ஊர்வலம் கிளம்பும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, பிறகு திருவனந்தபுரம். எல்லையில் களியக்காவிளையில் கேரளத்தார் வரவேற்பார்கள். புறப்பாட்டு நாளன்று வந்தால் ஊரே தெருவில் இருக்கும், காணக் கிடைக்காத காட்சி. அதற்குப் பிந்தைய பத்து நாட்களில் வந்தால் அம்மன் இங்கே இருக்க மாட்டார். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்து தேதியைக் குறியுங்கள்.

அரண்மனை வளாகம் ஆறரை ஏக்கர் அளவு. அதைச் சுற்றியுள்ள கோட்டையின் சுற்றளவோ ஏறத்தாழ 4 கிலோமீட்டர். வெளியே வந்ததும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓட்டு வீடுகள், கல் பாவிய படிகள், குளங்கள், பின்னணியில் வேளிமலை. நீலகண்டசுவாமி கோயில் இங்கேதான். சிவராத்திரிச் சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுகிற பன்னிரண்டு கோயில்களில் ஏழாவது, கல்குளம் மகாதேவர். சற்றுத் தள்ளி இராமசுவாமி கோயில். இராமாயணக் காட்சிகளை மரப்பலகைகளில் செதுக்கிவைத்திருக்கிறார்கள். அரண்மனையின் மரவேலையை ரசித்தவர்கள் இதைப் பார்க்காமல் போனால் பாதிதான் பார்த்ததாகும். கோயில்கள் பகலில் நடை சாத்திவிடும். ஆகவே காலை 7.30க்கு ஊருக்குள் வந்து முதலில் கோயில், 9 மணிக்கு அரண்மனை என்று வைத்துக்கொள்வதே சரியான வரிசை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது இந்த வட்டாரக் கோயில்களின் வழக்கம். தோளில் போட ஒரு துண்டு இருந்தால் நல்லது.

மதியச் சாப்பாட்டுக்குத் தக்கலைக்கு இறங்கிவிடுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இந்தப் பக்கத்தின் சாப்பாடு. தேங்காய் அரைத்த குழம்பில் புளிப்பு தூக்கலாக இருக்கும். கடையில் மட்டிப்பழம் தொங்கினால் வாங்குங்கள். விரல் நீளச் சிறு பழம், மணம் அதிகம், இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, ஆகவே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டாம். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் தர்காவும் இருக்கிறது. தமிழில் ஞானப்பாடல்கள் பாடிய சூபி அவர். ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கக் கூடிப் பாடுகிறார்கள்.

பிற்பகலை உதயகிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் திரும்பும் அதே நெடுஞ்சாலையில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கோட்டை. அரண்மனை அரசரின் வீடு என்றால் இது அவருடைய பட்டறை. பீரங்கி வார்த்த உலை இங்கேதான் இருந்தது. 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மர் தோற்கடித்தபோது பிடிபட்டவர் டிலனாய். அவரையே தன் படைக்குப் பயிற்சியாளராக்கினார் அரசர், கோட்டைகளை வலுப்படுத்தும் பொறுப்பையும் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்கள் மறக்காத இன்னொருவர் தேவசகாயம் பிள்ளை. பத்மநாபபுரத்தில் அரசு அலுவலராக இருந்தவர், டிலனாயின் பழக்கத்தால் கிறித்தவரானவர், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் தாகத்தில் முட்டியால் இடித்ததும் தண்ணீர் ஊறியதாக நம்பப்படும் முட்டிடிச்சான் பாறை இதே புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது.

உதயகிரி இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. நிழல் உண்டு, கொசுவும் உண்டு, மழைக்குப் பின் அட்டையும் இருக்கலாம். முழுக்கால் உடை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நேரே போனால் கூரையிழந்த ஒரு சிற்றாலயம், அதற்குள் டிலனாய் 1777இல் அடக்கம் செய்யப்பட்ட கல்லறை. மனைவியும் மகனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கல்வெட்டு தமிழிலும் இலத்தீனிலும் வெட்டப்பட்டிருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் ஏறும். தமிழ் வரிகளை எழுத்துக்கூட்டி வாசிக்க அதுவே சரியான நேரம். வாசித்துவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தால் நாகர்கோவில் பேருந்து அடிக்கடி வரும், கை காட்டி ஏறிக்கொள்ளலாம்.